மணல் பெட்டிக்குள் சுரங்கப்பாதை: ஐந்தாவது ஓட்டத்தில் 3 மில்லிமீட்டர் இறக்கம்

மணல் நிரப்பிய பெட்டிக்குள் மாதிரிச் சுரங்கப்பாதை தோண்டிப் பார்க்கிறேன். நேற்று மாலை, சுரங்கத்தின் சுவராகும் வளையங்களில் பத்தாவதைப் பூட்டிவிட்டு, சுரங்க நடுக்கோட்டுக்கு நேர் மேலே மணல்பரப்பில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மணல் 3 மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது. நான்காவது ஓட்டத்தில் அதே இடத்தில் 15 மில்லிமீட்டர் இறங்கி, மேலே அடுக்கிய தீப்பெட்டி வீடுகள் இரண்டு பக்கத்திலிருந்தும் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து நின்றன. இந்த முறை ஒரு வீடுகூட அசையவில்லை. அண்ணன் மகள்தான் முதலில் கத்தினாள், அப்புறம் நான்.

பெட்டியும் ஷீல்டும் (மண் சரியாமல் தாங்கிக்கொண்டு முன்னே நகரும் உருளைக் கூடு) பழையவைதான்: 900 மி.மீ. அகலம், 700 நீளம், 200 மி.மீ. பிவிசி குழாயில் வெட்டிய ஷீல்டு, சுரங்க மையம் 350 ஆழத்தில். முகப்பில், அதாவது ஷீல்டின் முன்னால் தோண்டும் இடத்தில், இருந்த பிரச்சினை இரண்டாவது ஓட்டத்தோடு தீர்ந்துவிட்டது. ஒரு வளையம் 60 மி.மீ. நீளம். அதற்கு வெட்ட வேண்டிய மண் 1885 கன சென்டிமீட்டர், அதாவது ஈர மணலில் சுமார் 3 கிலோ. திருகுக் குழாய் வழியாக வெளிவரும் மணலைச் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொண்டே தள்ளினேன். 3 கிலோவைத் தாண்டினால் எங்கேயோ கூடுதலாகத் தோண்டிவிட்டோம் என்று அர்த்தம். பெரிய இயந்திரங்களிலும் கன்வேயர் பெல்ட்டில் எடை பார்ப்பது இதே கணக்குக்காகத்தான்.

இத்தனை நாள் என்னைத் தூங்கவிடாதது பின்பக்கம். ஷீல்டின் வெளிவிட்டம் 200, வளையத்தின் வெளிவிட்டம் 186. ஷீல்டு முன்னே நகர்ந்ததும் வளையத்தைச் சுற்றி 7 மி.மீ. வெற்றிடம். கேட்கச் சின்னதாக இருக்கும். பரப்பளவு பாருங்கள்: 4244 சதுர மில்லிமீட்டர், தோண்டும் முகப்பில் 13.5 சதவீதம்! சுரங்கத்துக்கு மேலே தரை எப்படி இறங்கும் என்று காட்ட, மண் பொறியாளர் ரால்ஃப் பெக் 1969-ல் எடுத்துவைத்த கவிழ்த்த மணி வளைவை வைத்து, பள்ளத்தின் அகலத்தைத் தீர்மானிக்கும் எண்ணை மணலுக்கு 0.35 என்று போட்டால், நடுவில் கிட்டத்தட்ட 14 மி.மீ. இறங்க வேண்டும். நான்காவது ஓட்டத்தில் எனக்குக் கிடைத்தது 15. ஆக, வெற்றிடத்தை நிரப்ப நான் ஏற்றிய கலவையான கிரவுட் எதையுமே அடைக்கவில்லை.

காரணம் புரிய ஒரு மாதம் ஆனது. ஒரு வளைய நீளம் முழுக்கத் தள்ளி முடித்துவிட்டு, அதன் பிறகு சிரிஞ்சால் கிரவுட் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் மணல் காத்திருப்பதில்லை. ஷீல்டின் வால், அதாவது பின்முனை, விலகும் அந்த நொடியே மேலிருந்து வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு ஏற்றினாலும், விழுந்த மணலின் இடுக்குகளில் போகுமே தவிர விழுந்ததைத் தூக்காது. தள்ளும்போதே நிரப்ப வேண்டும். 10 மி.மீ. தள்ளலுக்கு 42 மில்லி. நான் திருகைச் சுற்ற, அண்ணன் மகள் சிரிஞ்சை அழுத்த, இருவரும் சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தோம்.

அடுத்த தலைவலி கலவை. வெறும் சிமென்ட், பென்டோனைட் (தண்ணீரில் உப்பும் களிமண்) கலவை கெட்டியாக நேரமெடுக்கிறது, அதற்குள் வாலில் கசிவைத் தடுக்கும் தூரிகைச் சீல் வழியாக உள்ளே ஒழுகிவிடுகிறது. அதனால் பெரிய இயந்திரங்களில் செய்வதுபோல் இரண்டு திரவம்: ஒன்றில் சிமென்ட், பென்டோனைட், தண்ணீர், இன்னொன்றில் சோடியம் சிலிக்கேட். இரண்டும் சேர்ந்தால் பத்துப் பதினைந்து நொடியில் தயிர்போல் உறைகிறது. பென்டோனைட்டை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள். சிமென்ட்டை முதலில் போட்டால் அது சரியாக உப்பாது. இரண்டு குழாயும் சேரும் ‘ஒய்’ இணைப்பை நான் முதலில் கைக்கு வசதியாக வெளியே வைத்தேன், மூன்றாவது வளையத்திலேயே குழாய் கல்லாகிவிட்டது. இப்போது அந்த இணைப்பு ஷீல்டின் வால் நுனியில் இருக்கிறது. ஒவ்வொரு வளையத்துக்குப் பிறகும் அதில் தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன். தூரிகைச் சீலுக்குப் பெயின்ட் பிரஷ் மயிர் இரண்டு வரிசை, நடுவில் கிரீஸ். கிரீஸில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பொருள் தேடுவோருக்கு: பென்டோனைட், எர்த்திங் குழிக்குப் பொருள் விற்கும் எலக்ட்ரிகல் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். சோடியம் சிலிக்கேட்டை, சோப்பு செய்வோருக்குச் சரக்கு கொடுக்கும் கெமிக்கல் கடையில் கேளுங்கள். 60 மில்லி சிரிஞ்சும் டிரிப் குழாயும் மருந்துக் கடையில். ஒரு கடையில் எனக்குக் கட்டிதட்டிப்போன பழைய சிமென்ட்டைக் கொடுத்து ஒரு ஓட்டத்தையே கெடுத்தார்கள். சின்ன அளவில் வாங்கும்போது மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

இந்த வெற்றிடத்தை அடைக்கும் வித்தையை ஒழுங்காகச் செய்துகாட்டியவர்களில் பொறியாளர் ஜேம்ஸ் கிரேட்ஹெட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். 1890-ல் திறந்த லண்டன் நிலத்தடி ரயில்பாதையில், வார்ப்பிரும்பு வளையங்களுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கலவையை அழுத்தக் காற்றால் செலுத்தினார். இன்று நகரங்களுக்கு அடியில் ஓடும் இயந்திரங்கள் மண் இழப்பை, அதாவது தோண்டும் அளவுக்கு மேல் கூடுதலாக உள்ளே இறங்கிவிடும் மண்ணை, ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ வைத்திருக்கப் பார்க்கின்றன. என்னுடையது இப்போது 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. இன்னும் குறைக்க முடியும் என்று நம்புகிறேன்.

அடுத்து, தேம்ஸ் சுரங்கத்தைக் கட்டிய பொறியாளர் மார்க் புருனெலின் ஷீல்டை மரத்தில் செய்யப் போகிறேன். 12 சட்டங்கள், சட்டத்துக்கு மூன்று அறை, மொத்தம் 36 அறைகள். அறைக்கு ஒரு ஆள் நின்று, முகப்புப் பலகைகளில் ஒன்றை மட்டும் கழற்றி, ஒரு சாணுக்கும் குறைவாகத் தோண்டி, திரும்பப் பலகையைப் பொருத்தித் திருகால் முட்டுக் கொடுப்பார்கள். பின்னால் கட்டிய செங்கல் சுவரை உதைத்துச் சட்டம் முன்னே போகும். தேம்ஸ் நதிக்கு அடியில் 396 மீட்டர், 1825-ல் தொடங்கி 1843-ல் திறந்தார்கள். 1827-ல் ஆறு உள்ளே புகுந்தபோது, களிமண் மூட்டைகளை ஆற்றுப்படுகையில் இறக்கி ஓட்டையை அடைத்தார்கள். 1828 ஜனவரியில் மறுபடி புகுந்து ஆறு பேர் இறந்தார்கள். ஏழு ஆண்டுகள் வேலையே நின்றது. அந்த முகப்புப் பலகைகளுக்குத் தேக்குத் துண்டுகள் ஏற்கெனவே அறுத்து வைத்துவிட்டேன்.

அதற்கு முன் இந்தப் பெட்டி பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மணலை வெட்டியெடுத்து, கிரவுட் சுற்றிலும் 7 மி.மீ. படிந்திருக்கிறதா, இல்லை கீழ்ப்பக்கம் மட்டும் தேங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஏழாவது வளையத்தின் உச்சிமேல்தான் எனக்குச் சந்தேகம். அங்கே சிரிஞ்சு வழக்கத்தைவிட லேசாக இறங்கியது.