மலைக்குப் போகும் போன்: பொகவந்தலாவ நாட்குறிப்பு

2021 ஓகஸ்ட் 22, ஞாயிறு

கொரோனாவுக்காக வெள்ளி இரவு பத்து மணியோடு இலங்கை முழுக்க ஊரடங்கு. தேயிலைத் தோட்டத்துக்கு விலக்கு, கொழுந்து காத்திருக்காதாம். நாளை விடிந்ததும் அம்மா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவார். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் போன்களில் பாதியும் அந்தந்த வீட்டு அம்மாக்களோடு, இடுப்பில் கட்டும் படங்குத் துணிக்குள் செருகப்பட்டு, மலைக்குப் போகும். ஒன்லைன் வகுப்பு காலை எட்டரைக்கு. போன் வீடு திரும்புவது மாலை ஐந்துக்கு.

இதைச் சொன்னால், "பிள்ளைக்கு ஒரு டேப் வாங்கிக் கொடுத்தால் சரிதானே" என்கிறார்கள். சரிதான். யார் வாங்குவது?

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். வளாகம் மூடிக் கிடப்பதால் இப்போது வீட்டில் இருந்தே விரிவுரை. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக வருகிற சூம் எங்களுக்கு டேட்டா செலவில்லாமல் கிடைக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் தரம் 11 படிக்கும் தங்கச்சிக்கு அதே சூம் காசு. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது, என் விரிவுரை முழுக்க அவள் காதில் விழும். "உங்க சேர் நல்லாத்தான் படிப்பிக்கிறார் அக்கா, எனக்குத்தான் ஒண்ணும் விளங்கல" என்றாள் நேற்று.

ஓகஸ்ட் 25, புதன்

சிக்னல் பாறைக்குப் போய்ப் பார்த்தேன். லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து டர்பன்டைன் மரங்கள் தொடங்கும் இடம். நாலைந்து பிள்ளைகள் ஒரே குடைக்குள். போனைச் சொப்பிங் பையில் சுற்றி, பைக்கு மேலாகவே விரலால் தட்டுகிறார்கள். அட்டைக்காகக் காலெல்லாம் சவர்க்காரம் தேய்த்திருந்தார்கள். பாறைக்குப் பின்னால் குளவிக்கூடு ஒன்று இருப்பதாக ஒரு பொடியன் சாதாரணமாகச் சொன்னான். எனக்குத்தான் அடிவயிறு கலங்கியது. இங்கே குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் குறைவு.

பிபிலைப் பக்கம் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காக யானையும் சிறுத்தையும் நடமாடும் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள் என்று சில வாரங்களுக்கு முன் வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தது. அவர்கள் சிங்களப் பிள்ளைகள். மலையும் சிக்னலும் மொழி பார்ப்பதில்லை.

இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். சூமில் வீடியோவோடு ஒரு மணி நேரம் இருந்தால் அரை ஜிபியில் இருந்து ஒரு ஜிபி வரை போகும். ஒரு நாளைக்கு மூன்று பாடம், வீட்டில் இரண்டு பிள்ளைகள். இந்த மார்ச்சில்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது; பறிக்கும் கொழுந்தில் கிலோ குறைந்தால் அதுவும் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். வட்ஸ்அப்பில் பத்து நிமிடக் குரல்பதிவு ஒன்றோ இரண்டோ எம்பிதான். அதுவும் மாலை ஐந்துக்குப் பிறகும் கேட்கும், இரவு பத்துக்கும் கேட்கும். எட்டரைக்கு எல்லாரும் ஒன்றாக வந்தே ஆக வேண்டும் என்பது போன் சும்மா கிடக்கிற வீட்டுக்காரர் போட்ட சட்டம்.

ஓகஸ்ட் 30, திங்கள்

கணித சேரோடு பேசினேன். ஜூலை 12 முதல் ஆசிரியர்கள் ஒன்லைன் கற்பித்தலில் இருந்து விலகி இருக்கிறார்கள். 24 வருடச் சம்பள முரண்பாடு, நியாயமான கோபம். சேரும் போராட்டத்தில்தான் இருக்கிறார். கோபிப்பாரோ என்று தயங்கித்தான் கேட்டேன்.

"வகுப்பு எடுக்க மாட்டேம்மா. ஆனா போன வருசம் அனுப்பின வொய்ஸ் எல்லாம் கிடக்கு. அது உங்களுக்குத் தந்த சாமான், நான் திருப்பிக் கேட்க முடியாதே" என்றார்.

பென் டிரைவ் ஒன்று மரக்கறி லொறியில் வந்து சேர்ந்தது. தாளில் கணக்கைச் செய்து படம் எடுத்து, கூடவே குரலில் விளக்கம். "இரண்டாவது வரியைப் பாருங்க, ஏன் குறி மாறிச்சு?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருக்கிறார். அந்த இடைவெளியில் தம்பி வாய்விட்டுப் பதில் சொல்கிறான்.

பாடநூல் பிள்ளைகளிடம் இருக்கிறது. 1980 முதல் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, பழசானாலும் கையில் உண்டு. இல்லாதது அதை விளக்குகிற ஒரு குரல்தான்.

செப்டெம்பர் 4, சனி

இன்று முழுக்க ரவுட்டரோடு மல்லுக்கட்டல். கொழும்பில் வேலை செய்த மாமா மகன் வேலை போய் வரும்போது கொண்டுவந்தது, பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. லைன் இல்லாத ரவுட்டர் எதற்கு என்று எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இணையம் வராவிட்டாலும் ரவுட்டர் தன் பாட்டில் வைஃபை தரும். மடிக்கணினியை அதோடு இணைத்து, பாடங்களைப் போட்டிருக்கும் ஃபோல்டரில் பைத்தான் என்ற நிரல்மொழியின் ஒரே ஒரு கட்டளையை ஓட விட்டால், அந்த ஃபோல்டர் ஒரு குட்டி இணையத்தளம் மாதிரித் திறக்கும். லயத்துப் போன்கள் பிரவுசரில் ஓர் எண்ணைத் தட்டினால் போதும், பாடம் இறங்கிவிடும். டேட்டாவுக்குக் காசு போட்டு ரீலோட் பண்ண வேண்டாம்.

எழுதும்போது லேசாக இருக்கிறது. நடந்தது வேறு. வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை என்று தெரிந்தவுடன் போன் 'அறிவாளி' ஆகி, தானாகவே டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. டேட்டாவை அணைக்கச் சொன்னேன். அப்புறம், 'இணையம் இல்லை, தொடரவா?' என்று அது கேட்கும்போது 'ஆம்' கொடுக்கச் சொன்னேன். அதை ஆங்கிலத்தில் கேட்பதால் பாதிப் பேர் பயத்தில் 'இல்லை' அழுத்தினார்கள். கடைசியில் பக்கத்துக் காம்பராத் தங்கச்சி 192.168.1.2 என்று இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணைச் சுவரில், சோக்கால் எழுதி, அதன் கீழே 'டேட்டா ஓஃப், யெஸ் அமத்து' என்றும் எழுதினாள். நான் விளக்கியதை விட அது நன்றாக வேலை செய்தது.

மாலை ஐந்தரைக்கு அம்மாக்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தார்கள். போன்கள் கை மாறின. ஆறு மணிக்குள் லயத்தின் இந்த முனையில் பத்துப் பன்னிரண்டு தலைகள்.

செப்டெம்பர் 12, ஞாயிறு

பத்தாம் தேதி சம்பளம் போட்டார்கள். இரண்டு வீடுகளில் போனுக்குச் சிப், அதாவது மெமரி கார்ட், வாங்கியிருக்கிறார்கள். போனை விட சிப்பைத்தான் நான் சிபாரிசு செய்தேன். கீழ்ப்பிரிவு லயங்களுக்கு எங்கள் வைஃபை எட்டாது. ஒரு சிப்பில் எல்லாப் பாடத்தையும் ஏற்றிக் கொடுத்தால் அங்கே ஒரு போனில் இருந்து இன்னொன்றுக்குப் பரவுகிறது. பால் கொண்டுபோகும் அண்ணன்தான் எங்கள் கேபிள்.

கரண்ட் போனால்? ரவுட்டர் 12 வோல்ட்டில் ஓடுவது. லயத்து ஓட்டோ அண்ணனுக்கு ஊரடங்கில் ஹயர் இல்லை. பெட்டரியில் இருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். "ஓட்டோ ஓடாட்டியும் பெட்டரி படிக்கட்டும்" என்றார்.

செப்டெம்பர் 21, செவ்வாய்

நேத்ரா ரி.வி.யில் தமிழ்மொழி மூலப் பாடங்கள் வருகின்றன. நல்ல முயற்சி, நன்றாகவும் படிப்பிக்கிறார்கள். ஆனால் ரி.வி.யிலும் அதே நோய்: அந்த நேரத்துக்கு முன்னால் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. திருப்பிக் கேட்க முடியாது.

போனே இல்லாத வீடுகளை மறந்துவிட்டுப் பேசுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. மேற்பிரிவுக் கடைசி லயத்தில் இருக்கும் ஒரு பெரியம்மாவுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். தாய் வெளிநாட்டில். அங்கே இருப்பது பொத்தான் போன். அவர்களுக்குத் தாள்தான். கடந்தகால வினாத்தாள்களைப் பரீட்சைத் திணைக்களத் தளத்தில் இருந்து இறக்கி, போட்டோகொப்பி எடுக்கும் கொமினிகேஷன் கடை அண்ணனிடம் கொடுத்தேன். கொப்பி எடுக்கிற தாள் விலை ஏறிவிட்டது என்று புலம்பிக்கொண்டே இரண்டு பக்கமும் அடித்துக் கொடுத்தார்.

ஒக்டோபர் 3, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஊரடங்கு நீங்கியது. பாடசாலை இன்னும் பூட்டுத்தான். கணித சேர் நேரில் வந்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்து, சுவரில் இருந்த எண்ணைத் தன் போனில் தானே அடித்து, தன் குரலையே கொஞ்ச நேரம் கேட்டார். "இவ்வளவு வேகமாவா பேசுறேன்?" என்று கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "ஓம் சேர்!"

போகும்போது விஞ்ஞான டீச்சரிடமும் சொல்வதாகச் சொன்னார். டீச்சரிடம் இருப்பதெல்லாம் வீடியோவாம், ஒவ்வொன்றும் பெரிய ஃபைல். படத்தின் தரத்தை 240பி-க்குக் குறைத்தால் கரும்பலகை எழுத்து தெரியாது. தெரிய வைத்தால் போனில் இடம் போதாது. என் யோசனை, வீடியோவில் இருந்து குரலைப் பிரித்து, வரைபடங்களை மட்டும் தனிப் படமாக வெட்டுவது. தம்பியை இந்த வேலைக்குப் போட்டிருக்கிறேன். முணுமுணுக்கிறான், ஆனால் வெட்டும்போது அவனுக்கே பாடம் ஏறுகிறது.

ஒக்டோபர் 21, வியாழன்

200க்குக் குறைவான பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் ஆரம்ப வகுப்புகள் இன்று திறந்தன. எங்கள் தோட்டத்துப் பள்ளியும் அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டது. சின்னதுகள் சப்பாத்து சின்னதாகிவிட்டது என்று அழுதுகொண்டே போனார்கள். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் தரம் 11 பிள்ளைகள் இன்னும் வீட்டில்தான்.

அதனால் இரவு வேலை நிற்கவில்லை. தரம் 11 வரலாறு ஏற்ற வேண்டும். கீழ்ப்பிரிவுச் சிப்பில் இடமில்லை. பாதிக்கு மேல் யாரோ ஒருவரின் சடங்கு வீடியோ. அழிக்கட்டுமா என்று பால் அண்ணனிடம் கேட்டனுப்பினேன். "அதை மட்டும் தொடாதீங்க, வேற சிப் வாங்கித் தாறோம்" என்று பதில் வந்திருக்கிறது.