கற்றையின் பருமனை அதன் ஒளியே சொல்லும்

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், துகள் கற்றைகளை எதிரெதிரே மோதவிடும் பெரிய ஹேட்ரான் மோதுவியில், 27 கிலோமீட்டர் வளையத்தை நொடிக்குப் பதினோராயிரம் முறைக்கு மேல் சுற்றிவரும் புரோட்டான் கற்றையின் பருமன், முழு ஆற்றலில், ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர்தான். கற்றை பருத்தால் மோதல்கள் குறையும் என்பதால் அதை ஓயாமல் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. மெல்லிய கார்பன் இழையைக் கற்றையின் குறுக்கே வேகமாக வீசி அளக்கும் கருவி அங்கு உண்டு. ஆனால் புரோட்டான்கள் நிறைந்த முழுக் கற்றையில் அதைப் பயன்படுத்தினால் இழை அறுந்துபோகலாம். சிதறும் துகள்கள் பட்டு, அருகிலுள்ள காந்தங்கள் மீக்கடத்தும் நிலையை, அதாவது தடையின்றி மின்சாரம் கடத்தும் நிலையை, இழக்கவும் கூடும். ஆகவே கற்றை தானே உமிழும் ஒளியைத்தான் நம்ப வேண்டும்.

காந்தப்புலத்தில் வளைந்து செல்லும் மின்னூட்டத் துகள் உமிழும் இந்த ஒளிக்குச் சிங்க்ரோட்ரான் ஒளி என்று பெயர். இது 1947 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எலக்ட்ரான் சிங்க்ரோட்ரான் என்னும் துகள்முடுக்கியில் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. எலக்ட்ரானைவிடப் புரோட்டான் ஏறத்தாழ 1,836 மடங்கு கனமானது. எனவே அவ்வளவு எளிதில் ஒளிராது. 450 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் வளையத்துக்குள் நுழையும் புரோட்டான், வளைக்கும் காந்தத்தில் உமிழ்வது அகச்சிவப்பே. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெறுவதற்கென்றே, கற்றையை இருபுறமும் நெளியவைக்கும் சிறிய மீக்கடத்திக் காந்தம் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆற்றல் ஏறிய பிறகு வளைக்கும் காந்தத்தின் ஒளியே போதுமானதாகிவிடுகிறது.

அந்த ஒளியை வெற்றிடக் குழாய்க்குள் இருக்கும் ஆடி ஒன்று திருப்பித் தொலைநோக்கிக்கு அனுப்புகிறது. கற்றைக்கு அருகில் இருப்பதற்கு அந்த ஆடி கொடுத்த விலை அதிகம்: 2012இல் கற்றையின் மின்காந்தப் புலத்தால் சூடேறிப் பழுதடைந்ததால், அப்பகுதியை மாற்றி வடிவமைக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் என்னை அதிகம் ஈர்த்தது வேறொரு சிக்கல். சிங்க்ரோட்ரான் ஒளி மிகக் குறுகிய கூம்பாக வருவதால், எவ்வளவு பெரிய வில்லையை வைத்தாலும் அதன் சிறு பகுதியில் மட்டுமே ஒளி படும். அதனால் விளிம்பு விளைவு, அதாவது குறுகலாக வரும் ஒளி விரிந்து பரவும் தன்மை, பெரிதாகிப் பிம்பம் மங்குகிறது. முழு ஆற்றலில் இந்த மங்கல் கற்றையின் பருமனோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு வந்துவிடுவதால், வில்லையை எத்தனை நேர்த்தியாகச் செதுக்கினாலும் பயனில்லை. புற ஊதா ஒளிக்கு மாறியது ஓரளவு உதவியது.

இன்னொரு வழி வானியலில் ஏற்கெனவே இருந்தது. 1920இல் ஆய்வாளர்கள் மைக்கல்சனும் பீஸும் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் திருவாதிரை விண்மீனின் விட்டத்தை அளந்தபோது, அதைப் படம்பிடிக்க முயலவில்லை. தள்ளித் தள்ளி வைத்த இரு ஆடிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து, ஒளியலைகள் கலந்து உண்டாக்கும் வெளிச்ச-இருள் பட்டைகள் (குறுக்கீட்டுப் பட்டைகள்) ஆடிகளின் எந்த இடைவெளியில் மறைகின்றன என்று பார்த்தார்கள். இதே தத்துவத்தை 1990களில் ஜப்பானின் கே.ஈ.கே. என்னும் துகள்முடுக்கி ஆய்வகத்தில் மிட்சுஹாஷி என்ற ஆய்வாளர் முடுக்கிக் கற்றைக்குக் கொண்டுவந்தார். இரண்டு பிளவுகள் வழியாக ஒளியை அனுப்பினால், கற்றை பருமனாக இருக்குமளவுக்குப் பட்டைகளின் தெளிவு குறையும். அந்தக் குறைவிலிருந்து பருமனைக் கணக்கிடலாம். பின்னர் செர்னிலும் இத்தகைய கருவி பொருத்தப்பட்டது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. பட்டைகளின் தெளிவை ஒரே ஓர் இடைவெளியில் அளந்து பருமனைச் சொல்ல வேண்டுமானால், கற்றையின் குறுக்கே துகள்கள் மணிவடிவில் (நடுவில் செறிந்து, ஓரங்களில் சீராகக் குறைந்து) பரவியிருப்பதாக முன்கூட்டியே கொள்ள வேண்டும். உண்மைக் கற்றையின் ஓரங்கள் அப்படியே இருக்குமென்பதற்கு உறுதியில்லை. அதனால் பழைய தொலைநோக்கியும் பணியில் தொடர்கிறது. குறைந்த அடர்த்தியுள்ள கற்றையைச் செலுத்தி, இழைக்கருவியின் அளவோடு ஒப்பிட்டு அதைத் திருத்திக்கொள்கிறார்கள்.