அரிசிப் பானைக்குள் போன சீட்டு

அம்மாவுக்கு 58 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறாள். இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால், வெட்டி, பாலெடுத்து, வீடு வந்துசேரப் பத்து மணி தாண்டிவிடும். அதுவரை வாயில் வெற்றிலையும் பொயிலையும்தான்.

புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வீடு வீடாகக் கூப்பிடும் திட்டத்தை 2023ல் முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கினார்கள். ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டையோடு நம்ம குமரியும் ஒன்று. மாசாமாசம் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் வாலண்டியர் அக்காதான் எங்கள் இரண்டு பேருக்கும் சீட்டு தந்தாள். 18 வயது ஆனவர்களுக்கு வாய், 30 தாண்டிய பெண்களுக்கு மார்பும் கர்ப்பப்பை வாயும் பார்ப்பார்களாம்.

"எனக்கொரு கேடும் இல்ல மக்ளே, நீ போயிட்டு வா" என்றாள் அம்மா. அவள் சீட்டு ஒரு வாரம் கழித்து அரிசிப் பானைக்குள் கிடைத்தது.

மழை பெய்தால் வெட்டு கிடையாது. அப்படி ஒரு நாளில்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனேன். எனக்கு முதலில். திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, வினிகர் மாதிரி ஒரு திரவத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார் சிஸ்டர். கோளாறு இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியுமாம். எனக்கு ஒன்றுமில்லை. வலியும் இல்லை, கூச்சம்தான்.

அம்மாவின் வாயில் டார்ச் அடித்தவர் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். இடது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு, துடைத்தும் போகவில்லை. "காரம் எரியுதா?" என்று கேட்டதும், ஒரு வருஷமாக எரிகிறது என்றாள். ஒரு வருஷமாக வீட்டுக் குழம்பில் மிளகாய் குறைந்துகொண்டே வந்ததை நானும் தின்றுகொண்டுதான் இருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். போன அன்று பார்க்க வேண்டிய டாக்டர் இல்லை, வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. டார்ச் வெளிச்சத்தில் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. இந்த இரண்டாவது பஸ்ஸில் ஆளை ஏற்றுவதுதான் வேலை. வாலண்டியர் அக்கா மட்டும் மூன்று தடவை போன் பண்ணியிருக்காவிட்டால் அம்மா ஏறியிருக்க மாட்டாள்.

சதையில் ஒரு துளி எடுத்தார்கள். இரண்டு நாள் ஆறின கஞ்சி. முடிவு வரும்வரை அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. புற்று இல்லை, ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்றார் டாக்டர்.

"பொயிலைய விட்டுடுதேன், பாக்கு மட்டும்" என்று பேரம் பேசினாள். பாக்கும் தனியாகவே புற்றுநோய் தரும் என்று 2004லேயே உலகளவில் முடிவாகிவிட்டதை டாக்டர் சொன்னார். அதற்கும் முந்தி, குமரி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த 1933லேயே, இங்கே வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி லண்டன் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்துசேர இத்தனை வருஷம்.

வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிப் போட விடவில்லை. இப்போது அதில் கிராம்பு இருக்கிறது. நான் இடைக்கிடை திறந்து பார்ப்பது அவளுக்கும் தெரியும். போன வாரம் ஒரு துண்டு பாக்கு கிடந்தது.