அனுப்புநர் 23

தக்கலையில் தாலுகா ஆபீஸ் போகும் வழியில் டைப்பிங்கும் ஜெராக்ஸும் சேர்ந்த சின்னக் கடை எனக்கு. வாரிசு சான்று, பட்டா மாறுதல், வாடகை ஒப்பந்தம் என்று நாளெல்லாம் ஒரே மாதிரிக் காகிதங்கள்தான். இப்போது பலதும் ஆன்லைனுக்குப் போய்விட்டன. ஆனாலும் கையில் ஒரு மனு இருந்தால்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தைரியம்.

ஒரு மழை நாளில் குலசேகரத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். இரண்டு நாள் முன்பு அவருக்கு வாரிசு மனு அடித்துவிட்டு, மூத்த மகளின் ஆதார் நம்பர் இல்லாததால் பாதியில் நிறுத்தியிருந்தோம். நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை நீட்டி, "எனக்க பேப்பரு எங்க மக்கா?" என்றார். ஃபோல்டரைத் திறந்தேன். அனுப்புநர். அனுப்புநர்1. அனுப்புநர்2. அனுப்புநர் புதுசு. அனுப்புநர் புதுசு கரெக்ட். இப்படி அறுபதுக்கு மேல். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அவருடையதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். அனுப்புநர்23 அது. அதற்குள் பாட்டியின் பஸ் போய்விட்டது.

உதவிக்கு இருக்கும் பெண்ணைத் திட்டத்தான் முதலில் வாய் வந்தது. "அண்ணே, நான் பேரே வைக்கல. அதுவே வச்சுத் தருது, நான் நம்பர் மட்டும்தான் போடுவேன்" என்றாள். அவள் சொன்னது சரி.

வேர்டில் புது ஆவணத்தை முதல்முறை சேமிக்கும்போது அது முதலில் ஃபைலோடு ஒட்டியிருக்கும் டைட்டில் (தலைப்பு) என்ற விவரத்தைப் பார்க்கும். அங்கே ஏதாவது எழுதியிருந்தால் அதையே பெயராக நீட்டும். காலியாக இருந்தால் ஆவணத்தின் தொடக்கச் சொற்களை எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் எந்த மனுவுக்கும் தொடக்கச் சொல் 'அனுப்புநர்'தானே! வாடகை ஒப்பந்தம் தேதியில் தொடங்கும், ஆகவே அந்த ஃபோல்டர் முழுக்க '2023-ம் வருடம்'. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பத்திரங்களின் கதை இன்னும் மோசம். உள்ளே 'கிரைய' என்று அழகாகத் தெரிவது ஃபைல் பெயரில் எஃப், பி, ஐ, யு, ஏ என்ற ஐந்து ஆங்கில எழுத்தாக நிற்கும். பாமினியில் அந்த எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். விண்டோஸுக்கு அது தெரியாது.

வைத்தியம் இரண்டு நிமிட வேலை. டெம்ப்ளேட்டை, அதாவது புது மனுக்களுக்கு அச்சாக வைத்திருக்கும் டாட்எக்ஸ் ஃபைலை, திறக்க வேண்டும். இரட்டைக் கிளிக் செய்தால் டெம்ப்ளேட் திறக்காது, அதிலிருந்து ஒரு புது ஆவணம்தான் பிறக்கும். இது தெரியாமல் ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தேன். ரைட் கிளிக் செய்து ஓப்பன் கொடுக்க வேண்டும். பிறகு ஃபைல், இன்ஃபோ. வலப்பக்கம் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் டைட்டில் என்று ஒரு வரி மங்கலாக இருக்கும். அங்கே 'வாரிசு மனு' என்று அடித்துச் சேமித்தால் போதும். அதன்பின் அந்த டெம்ப்ளேட்டிலிருந்து வரும் ஒவ்வொரு ஆவணமும் அந்த டைட்டிலோடுதான் வரும். சேமிக்கும் பெட்டியில் 'வாரிசு மனு' காத்திருக்கும். எண்ட் விசையைத் தட்டிவிட்டு ஆள் பெயரும் ஊரும் சேர்க்க வேண்டும். எண்ட் தட்டாமல் அடித்தால் இருந்த பெயர் அழிந்துவிடும். எங்கள் கீபோர்டில் எண்ட் விசை மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு இருப்பது அதனால்தான். என் ஏற்பாடு இல்லை, அந்தப் பெண்ணுடையது.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். வாடகை டெம்ப்ளேட்டைப் புதிதாக அடிக்கச் சோம்பல்பட்டு, ஒரு வாடிக்கையாளரின் பழைய ஒப்பந்தத்தில் பெயர்களை அழித்து டெம்ப்ளேட்டாகச் சேமித்தேன். ஒப்பந்தப் பக்கங்களுக்குள் இருந்த பெயர்கள் போயின, டைட்டிலில் இருந்தது போகவில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் ஒன்றை பிடிஎஃப் ஆக்கி ஒருவருக்கு அனுப்பினேன். வேர்ட் அந்த டைட்டிலை பிடிஎஃப்புக்குள்ளும் கொண்டுபோகும். அவர் பிரவுசரில் திறந்திருக்கிறார், மேலே பிரவுசர் டேப்பில் வேறு ஒருவர் பெயர். "அண்ணே, என் வீட்டை யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கீங்க?" என்று போன் வந்தது. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

பத்திர எண்ணையும் பெயரில் சேர்க்கலாம் என்று பார்த்தால் அது 1234/1985 என்கிற வடிவத்தில் இருக்கும். சாய்கோட்டை விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது. வருடத்தை முன்னால் போட்டு 1985-1234 என்று எழுதினால் சாய்கோட்டுத் தொல்லையும் இல்லை, வருட வாரியாகவும் வரிசையாகும். விளவங்கோடு பக்கத்திலிருந்து வரும் திருவிதாங்கூர் காலப் பத்திரங்களில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆங்கில வருடமாக்க அதோடு 825 கூட்டி வைக்கிறோம். மாதத்தைப் பொறுத்து ஒரு வருடம் தள்ளும், ஃபைல் பெயருக்கு அது போதும்.

தேதியும் தானாக விழ வேண்டுமென்றால் மேக்ரோ வைக்க முடிகிற டாட்எம் வகை டெம்ப்ளேட்டில் ஆட்டோநியூ என்ற பெயரில் ஒரு மேக்ரோ, அதாவது தானாக ஓடும் குட்டி நிரல், எழுதி, புது ஆவணம் பிறக்கும்போதே டைட்டிலில் தேதியைப் போட வைக்கலாம். என் மருமகன் எழுதியும் கொடுத்தான். கடை கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் மேக்ரோவை அனுமதிக்கவா என்று கேட்டது, அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றாள். விட்டுவிட்டோம்.

பழைய அனுப்புநர்களை மட்டும் ஆள் இல்லாத மதிய நேரத்தில் திறந்து பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று அனுப்புநர்41. திறந்தால் என் வீட்டு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க நானே எழுதிய மனு. இன்னும் கொடுக்கவே இல்லை.