விதியும் பழக்கமும் சேர்ந்த ரோபோ

1966 முதல் 1972 வரை ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான ஷேக்கி ரோபோவை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதைதான். எந்தப் பெட்டியைத் தள்ள வேண்டும், அதற்கு முன் எந்தக் கதவு வழியாகப் போக வேண்டும் என்று தர்க்கத்தாலேயே திட்டம் போட்டது. 1971-ல் வெளியான ஸ்ட்ரிப்ஸ் என்ற திட்டமிடும் முறை அந்த வேலையில் பிறந்ததுதான். ஆனால் அதற்கென்றே ஒழுங்குபடுத்திய அறைகளில்தான் ஷேக்கியால் இயங்க முடிந்தது.

இன்று, ஆயிரக்கணக்கான முறை பிடித்துப் பிடித்துக் கற்ற ரோபோ கை, முன்பின் பார்க்காத குவளையையும் தூக்கிவிடும். சரி, அதில் தண்ணீர் நிரம்பியிருந்தால்? சாய்த்தால் கொட்டும் என்பதை ஒரே வரியில் விதியாக எழுதலாம். தரவிலிருந்து மட்டும் கற்பதென்றால் எத்தனை முறை கொட்ட வேண்டும்!

விதி, கற்றல் இரண்டையும் சேர்ப்பதுதான் வழி என்று உறுதியாக நம்புகிறேன். கஷ்டமெல்லாம் இணைப்பில்தான். ‘குவளை நிரம்பியிருக்கிறது’ என்பது ஸ்ட்ரிப்ஸ் போன்ற முறைக்கு உண்மை அல்லது பொய், அவ்வளவுதான். கேமரா படங்களில் பயின்ற நரம்பியல் வலையமைப்போ (தரவிலிருந்து கற்கும் நிரல்) 0.7 என்று ஒரு நிகழ்தகவைத் தருகிறது. அதை ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்வதா, இன்னொரு கோணத்தில் பார்த்துவிட்டு வரச் சொல்வதா? எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பார்ப்பதையும் திட்டத்தில் ஒரு படியாகவே சேர்த்துவிடலாம்.

அப்புறம், ஒரு பிடி தவறினால் அந்தத் தோல்வி திட்டத்தையும் மாற்ற வேண்டும், கற்றலுக்கும் போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டாவது பாதையில்தான் இப்போது என் ஆர்வம் முழுவதும்.