பட்டிக்கு நாய் வாங்கும் முன் எட்டு மாதம் காத்திருந்தேன்

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையிலுள்ள எங்கள் கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டில், ஒரே இரவில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஏழு மேச்சேரி ஆடுகளைக் கடித்துப் போட்டன. மறுநாளே ஒரு ராஜபாளையம் நாய் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, 2005ஆம் ஆண்டு அஞ்சல்தலையில் வந்த படம், இவ்வளவுதான் அந்த இனத்தைப் பற்றி அப்போது எனக்குத் தெரியும். தாராபுரம் பக்கம் நெடுங்காலமாக அவற்றை வளர்த்துவரும் பெரியப்பா ஒருவரிடம் கேட்டபோது, "குட்டி தாரேன் கண்ணு. நாலஞ்சு தடவ வந்து நாயப் பாத்துப்போட்டு அப்பறங் கேளு" என்றார்.

முதல் முறை போனபோது நாய் குரைக்கவே இல்லை. படலுக்கு அந்தப் பக்கம் தலையைச் சற்றுத் தாழ்த்தி நின்று என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கட்டுத்தறிப் பக்கம் இரண்டடி நகர்ந்ததும் அதுவும் நகர்ந்து எனக்கும் கன்றுக்கும் நடுவில் வந்து நின்றது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்த செயல் அல்ல அது என்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே உணர்ந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது மூன்றாவது முறை நான் கண்ட காட்சி. ஓர் ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு துள்ளி ஓடியது. சற்று முன்புவரை அதே குட்டியின் அருகில் அமைதியாகப் படுத்திருந்த நாயின் காதுகள் பின்னால் மடிந்தன, தொடைத் தசை நடுங்கியது, பார்வை ஓடும் கால்களை விட்டு அகலவில்லை. பெரியப்பா கழுத்துப்பட்டையைப் பிடித்திராவிட்டால் அன்று குட்டி பிழைத்திருக்காது. காவல் குணம் வேறு, துரத்தும் குணம் வேறு, இந்த நாய்க்கு இரண்டுமே ரத்தத்தில் உண்டு என்று அவர் விளக்கினார். இது காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கப்பட்ட இனம்; ஓடுவதைக் கண்ணால் கண்டு துரத்தும். இமயமலை இடையர்களின் நாய்களைப் போல மந்தைக்குள்ளேயே கிடந்து ஆடுகளைத் தன் கூட்டமாகக் கருதும் இனம் அல்ல. பட்டிக்குள் அவிழ்த்துவிடலாம் என்று நான் போட்டிருந்த கணக்கு அடியோடு தவறு.

ஆகவே முதலில் இடத்தை மாற்றினேன். கிளுவை வேலியை ஒட்டிக் கம்பி வலை கட்டி, தெருநாய்கள் தோண்டி நுழையாதபடி அதன் அடியை மண்ணுக்குள் புதைத்து, வேலிக்கும் பட்டிக்கும் இடையில் நாய் சுற்றிவர ஒரு தடம் விட்டேன். பகலெல்லாம் சங்கிலியில் கட்டிவைத்து இரவில் மட்டும் அவிழ்த்துவிடும் வழக்கம் நம் ஊரில் அதிகம். அப்படி வளரும் நாய் எதைக் காப்பது என்று அறியாமல் எல்லார் மேலும் பாயும் என்பதே நான் பார்த்த அளவில் என் கருத்து.

குட்டியைத் தேர்ந்தெடுத்த நாளில் பெரியப்பா ஐந்து குட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தனியே விட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு வட்டிலைத் தட்டினார். ஒன்று திரும்பவே இல்லை. வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சேர்ந்து வருவது இந்த இனத்தில் உண்டு என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. இரண்டு மாதம் தாயிடம் இருந்த குட்டியையே கொண்டுவந்தேன். பால்காரர், ஆள்காரர், குடை, தலைச்சுமை, மொபெட் சத்தம் என அனைத்தையும் அடுத்த சில வாரங்களுக்குள் பழக்கினேன். மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டேன்.

இப்போது அதற்கு இரண்டு வயது. அதன் பிறகு ஓர் ஆட்டையும் இழக்கவில்லை. ஆட்டுக்குட்டிகளை மேய்ச்சலுக்கு அவிழ்க்கும் வேளையில் மட்டும் அதை இன்றும் கூண்டில் அடைக்கிறேன். கடந்த பட்டிப்பொங்கல் இரவில் அது அறியாத உறவினர் ஒருவர் இருட்டில் படலில் கை வைத்தார். நாய் குரைக்காமல் எதிரே வந்து நின்றது. நான் போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்த பிறகே அவரை உள்ளே வரச் சொன்னேன்.