மணியை யார் அடிப்பது? மக்பெத் தனிமொழி ஒத்திகை

ஷேக்ஸ்பியர் நாடகத்தில், மன்னனைக் கொன்று அரியணை ஏறலாமா என்று தவிக்கும் தளபதி மக்பெத். அவனுடைய முதல் தனிமொழி நடிப்பில் எனக்கு ஒருவழியாகப் படிந்துவிட்டது. முதல் அங்கம், ஏழாம் காட்சி. வசனம் மனப்பாடமாகி வெகுநாளாகிறது. நான் அதைச் சொல்லவில்லை. போன ஞாயிறு புதுச்சேரி லாஸ்பேட்டையில் மொட்டை மாடியில் ஓட்டிப் பார்த்தபோது, வேடிக்கை பார்க்க வந்த பெரியவர் ஒருவர் "வேணாம்னு சொல்லிட்டு வந்துடுப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். நாடகக்காரனுக்கு வேறென்ன வேண்டும்!

முழு நாடகத்தையும் நாங்கள் எடுக்கவில்லை. மக்பெத் தனியாகப் பேசும் நான்கு இடங்கள் மட்டும். நடுவில் கதையை, கூத்தில் கதைசொல்லிக் கோமாளியாக வரும் கட்டியக்காரன் இழுத்துக்கொண்டு போய்விடுவார். கொலைக்கு முன் இரண்டு, உடன் போரிட்ட நண்பன் பாங்கோவைத் தீர்க்க ஆள் வருவதற்கு முன் ஒன்று, ஐந்தாம் அங்கத்தில் ஒன்று. 'நாளை, நாளை' என்று வரும் பேச்சை வேண்டுமென்றேதான் விட்டேன். எல்லாரும் அதைத் தனிமொழிக் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆனால் அரசி, அதாவது அவன் மனைவி, இறந்த செய்தியைச் சொன்ன பணியாள் சீட்டன் பக்கத்திலேயே நிற்கிறான். ஆள் நிற்கும்போது பேசுவது வேறு விதமான பேச்சு.

இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் ஒன்று பிடிபடுகிறது. மனப்போராட்டம் வசனத்தில் எவ்வளவு இருக்கிறதோ, அந்த வசனம் எங்கே அறுபடுகிறது, யாரால் அறுபடுகிறது என்பதிலும் அவ்வளவு இருக்கிறது.

முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மன்னன் டங்கன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வேலையாட்கள் தட்டும் பாத்திரமுமாக மேடையைக் கடந்து போகிறார்கள். விருந்து கொடுக்கிறவன் பந்தியிலிருந்து எழுந்து வெளியே வந்து நிற்கிறான். செய்தால் அதோடு முடிந்துபோகுமா என்றுதான் ஆரம்பிக்கிறான். பிறகு காரணம் அடுக்குகிறான்: நான் அவனுக்கு உறவு, அவனுடைய குடிமகன், அவனுக்கு விருந்து வைப்பவன், கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்தவேண்டிய நானே கத்தி எடுப்பதா? நம் ஊர்க் கூட்டம் இந்த மூன்றாவது காரணத்தில்தான் நிமிர்ந்து உட்காருகிறது. வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவனைக் கொல்வது என்றால் என்னவென்று யாரும் விளக்கவேண்டியதில்லை. அதனால் பின்னால் எவர்சில்வர் பாத்திரச் சத்தம் நிற்காமல் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வாடகைப் பாத்திரக் கடையில் ஓட்டை உடைசல் தட்டுகளாகக் கொடுத்தார்கள். சத்தத்துக்கு அதுவே நல்லது.

இப்போது அந்தக் கடைசி வாக்கியம். எண்ணம் என்ற குதிரையைக் குத்தி ஓட்ட என்னிடம் முள் இல்லை, துள்ளிப் பாயும் பேராசை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் அளவுக்கு மீறித் தாவி அந்தப் பக்கம்... அவ்வளவுதான், கொலைக்குத் தூண்டும் மனைவி வந்துவிடுகிறாள். வாக்கியம் முடியவே இல்லை. அறுபட வேண்டும் என்று நடிகனுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதுதான் இங்கே பெரிய தொல்லை. எவ்வளவு நல்ல நடிகனாக இருந்தாலும் அந்த இடம் நெருங்கும்போது குரல் தானாக இறங்கும், கண் வாசல் பக்கம் போகும். அவள் நுழைவதற்குக் காத்திருப்பது முதுகிலேயே தெரியும்.

இதற்கு நான் கண்ட வழியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அறுபடும் இடத்துக்கு அப்பாலும் நான்கு வரி நானே எழுதி மனப்பாடம் செய்துகொண்டேன். பேராசை எந்தப் பக்கம் விழுந்தது, விழுந்தவனை யார் தூக்கினார்கள் என்றெல்லாம் போகும். கூட்டத்தின் காதில் அது முழுதாக விழாது. மனைவி வேடம் போடும் அக்கா, தனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது உள்ளே வரலாம் என்று விட்டுவிட்டேன். சிலமுறை ஒரு சொல்லிலேயே வந்துவிடுவார், சிலமுறை ஒன்றரை வரி ஓடவிடுவார். "இரு தம்பி, உன் மூஞ்சிய பாத்துட்டுதான் வருவேன்" என்பார். எனக்குச் சொல்ல இன்னும் விஷயம் இருக்கும்போதே வாய் அடைபடுகிறது. அதற்கப்புறம் 'இதை மேலே கொண்டுபோக வேண்டாம்' என்று அவளிடம் சொல்லும்போது, முடிவெடுத்தவன் குரலாக அது வருவதில்லை, பாதியில் மாட்டிக்கொண்டவன் குரலாக வருகிறது. இத்தனை நாள் ஒத்திகையில் என் பெருமைக்குரிய வேலை இந்த நான்கு வரிதான்.

கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. துரியோதனன் எவ்வளவு உருகிப் பேசினாலும் கட்டியக்காரன் குறுக்கே புகுந்து ஒரு கேள்வி போடுவான். கூத்தில் ராஜாவைத் தனியாக விடுவதே இல்லை.

ஆர்மோனியம் வைக்கலாமே என்று குழுவில் பேச்சு வந்தது. தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தது இந்தப் புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதியைத் தாண்டித்தான் எங்களில் பாதிப்பேர் ஒத்திகைக்கு வருகிறார்கள். அவர் வழி நாடகத்தில் தவிப்பு பாட்டாக எழும், ஆர்மோனியம் அதைத் தாங்கும். அது தனி அழகு. ஆனால் இந்த வசனத்துக்குச் சுருதி சேர்ந்தால் சோகம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. எனக்கு முடிவே வரக்கூடாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, கத்தித் தனிமொழி. காற்றில் தெரியும் கத்திக்கு எதுவும் செய்யவில்லை, வெளிச்சம்கூட மாற்றவில்லை. பாதியில் அவன் இடுப்பிலிருந்து நிஜக் கத்தியை உருவுகிறானே, அதற்குப்பின் கையில் ஒன்று, கண்ணில் ஒன்று, அது போதும். எங்களை அலைக்கழித்தது மணி. அந்தப் பேச்சை நிறுத்துவதே மணிச் சத்தம்தான். பானம் தயாரானதும் எஜமானியம்மாவை மணி அடிக்கச் சொல் என்று வேலைக்காரனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். ஆக, இதையும் அறுப்பவள் மனைவிதான், இந்தமுறை முகம் காட்டாமல்.

சைக்கிள் மணி எடுபடவில்லை. கைமணி அடித்தால் தீபாராதனை என்று கை கூப்பத் தோன்றுகிறது. தண்டவாளத் துண்டைத் தட்டினால் பள்ளிக்கூடம் விட்டாயிற்று. மாதா கோயில் மணியைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் விட்டோம். அது ஊருக்குப் பொதுவான மணி, வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தி அடிக்கும் மணியாகக் கேட்கவில்லை. கடைசியில் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய சாமான் விரித்திருந்தவரிடம் கனமான பித்தளை மணி ஒன்று கிடைத்தது. நாக்கைக் கழற்றிவிட்டு, துணி சுற்றிய மரச்சுத்தியால் வெளியிலிருந்து ஒரே அடி. 'டொம்' என்று எழுந்து உடனே அடங்குகிறது. அடிப்பவர் அக்காவேதான், வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. என் மூச்சு எங்கே நிற்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

அதே சந்தையில் தடித்த கறுப்புப் போர்வைகளும் வாங்கிவிட்டோம். நாடக உடை வாடகைக்கு விடும் கடையில் எந்த நாடகம் என்று சொன்னாலும் சம்கி தைத்த ராஜபார்ட் உடையையே எடுத்து நீட்டுகிறார்கள்.

ஷேக்ஸ்பியர் காலத்துக் குளோப் அரங்கம் திறந்தவெளி; பகல் வெளிச்சம், மூன்று பக்கமும் ஜனம். அதனால் நாங்களும் விளக்கை அணைப்பதில்லை. மாடியில் மூன்று பக்கமும் பாய் விரித்து, டியூப்லைட் எரிய, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தே கேட்கிறேன். அந்தப் பெரியவர் பதில் சொன்னதற்கு இதுவும் காரணம்.

மூன்றாவது தனிமொழியின் ஒத்திகை பாதியில் நிற்கிறது. பாங்கோமீது அவனுக்கிருக்கும் பயத்தைப் பேசி முடித்து, 'யார் அங்கே' என்று அவனே பேச்சை நிறுத்துகிறான், கொலையாட்கள் வருகிறார்கள். மனைவிக்கு இனி வேலையில்லை. இதில் குரல் ஏறவே கூடாது என்பது என் எண்ணம். மனச்சண்டை அடங்கிப்போனவன் கணக்குப் போடுகிறான். குழுவில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குள் எனக்கு ஒதெல்லோ ஆசை வந்துவிட்டது. ஐந்தாம் அங்கத்தில், தூங்கும் மனைவி பக்கத்தில் விளக்கோடு நின்று பேசுவானே, அது. அங்கேயும் 'யாரது' என்று அவள் விழிக்கும்போதுதான் பேச்சு நிற்கிறது. கொல்லப்படப் போகிறவளே வந்து அறுக்கிறாள்! அதற்கு நிஜச் சுடர் வேண்டும், மண்டபங்களில் நெருப்புக்கு அனுமதி கிடைப்பதில்லை. கடலூர் பக்கம் காற்றுக்கு அணையாத, கையில் பிடிக்கத் தோதான பழைய கண்ணாடி விளக்கு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

நான்காவதை அடுத்த வாரம் தொடங்குகிறோம். எல்லாரும் விலகிப்போன பிறகு அவன் 'சீட்டன்' என்று கூப்பிடுவான், ஆள் வரமாட்டான். பேசுவான், மறுபடி கூப்பிடுவான். தன் பேச்சைத் தானே அறுத்துக்கொண்டு, மதிப்பும் அன்பும் நண்பர் கூட்டமும் இந்த வயதில் எனக்கில்லை என்பான். மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் சீட்டன் வருவான். சீட்டனாக வரும் பையனுக்கோ முதல் குரலுக்கே கால் பரபரக்கிறது. அவனைக் கீழ்வீட்டு வாசலில் நிறுத்தி, மாடிப்படி ஏறிவர வைக்கலாம் என்றிருக்கிறேன்.